வெளிப்பக்கம் திறக்கும் கதவு

எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. முன்வாசல் கதவும் கொல்லைக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். நாங்கள் இல்லாத நேரம் சாத்திக் கிடக்கும்போது புதிதாக வருகிறவர்கள் கதவை உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறதாக்கும் என்று திரும்பிப் போய்விடுவார்கள். இழுக்க வேண்டும். குளிக்கிற இடத்துக்குச் சேலைத் திரைதான். தூங்கும்போதுகூட இரண்டு கதவையும் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லை அண்டை கொடுத்து வைப்போம். நாய் வரும், கோழி வரும். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆடு வந்து, கழனிப் பானையென்று நினைத்து என் குழம்புச் சட்டியில் வாயை வைத்தது. "இது வீடா, மருந்து ரூமா?" என்று எதிர் வீட்டு அக்கா கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அந்த அக்கா கேட்பதில் தப்பே இல்லை. என் வீட்டுக்காரர் வீட்டைப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து வைத்து வேலை செய்கிற மருந்து ரூம் மாதிரிதான் மாற்றி வைத்திருக்கிறார். எங்கள் ஆமத்தூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியில் ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளித் தனியாக நிற்கும். நாலு பக்கமும் கதவு இருக்கும். எல்லாம் வெளியே திறக்கிற கதவு. ஆள் உள்ளே இருக்கும்போது ஒன்றைக்கூடச் சாத்தக் கூடாது. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோமோ அந்தப் பக்கமே எழுந்து ஓட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இதைச் சொல்லிவிடுவார்கள்.

அங்கே லோடு வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை அதை மீறினார். அது பங்குனி மாதம். எங்கள் பக்கம் பங்குனி பிறந்தாலே வெயில் ஏறிவிடும், வேப்பமரமெல்லாம் பூத்துக் கொட்டும், மதியத்துக்கு மேல் கரிசல்காட்டிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்தக் காற்று வடக்குக் கதவு வழியே புகுந்து, மருந்துப் பொடியைக் கிளப்பி, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களின் கண்ணில் போட்டது. அவர் அறைக்கு வெளியே லோடு எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தக் கதவச் சாத்துங்க, கண்ணு எரியுது" என்று அவர்கள் சொன்னார்கள். இவர் சாத்தினார். காற்று திறந்துவிடக் கூடாதே என்று ஒரு கல்லையும் சாய்த்து வைத்தார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்.

அந்த இரண்டு பேரும் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தீப்பிடித்ததும் அந்தக் கதவுக்குத்தான் ஓடி வந்தார்கள். கல்லை நகர்த்தப் போய்த்தான் இவர் கைகள் இரண்டும் வெந்தன. விரல்கள் உள்பக்கமாக மடங்கி அப்படியே ஒட்டிக்கொண்டன. கல் நகர்வதற்குள் இரண்டு பேரும் உள்ளேயே முடிந்துபோனார்கள். அந்தப் பெண்கள் எங்கள் ஊர்தான். அவர்கள் வீட்டு ஆட்கள் இவரை இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு பேர் வந்து வாசலில் நின்று திட்டிவிட்டுப் போயிருந்தால் இவருக்கு அது தேவலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இவர் செய்த முதல் காரியம் ஆசாரியைக் கூட்டி வந்ததுதான். உள்ளே திறந்துகொண்டிருந்த கதவுகளைக் கழற்றி வெளியே திறக்கும்படி மாட்டச் சொன்னார், தாழ்ப்பாளைப் பிடுங்கச் சொன்னார். "மழ பேஞ்சா கதவு ஊறிப் போயிருமே" என்று ஆசாரி இழுத்தார். "இங்கன என்னைக்கு மழ பேஞ்சிச்சு?" என்றார் இவர். அது என்னவோ உண்மைதான். எங்கள் பக்கம் மேகம் வந்தால்கூட வழி தவறி வந்ததோ என்று நினைப்போம். அன்றையிலிருந்து ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து, "இருக்கீகளா?" என்று கேட்பார், மகளுக்கும் சேர்த்து நான் "இருக்கோம்" என்பேன்.

போன சித்திரையில் ஒரு நாள் காலையில் தூத்துக்குடியிலிருந்து மதினி போன் செய்தார். மதினி என்றால் இவருடைய அக்கா, அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு போனவர். கடற்கரையிலேயே குடித்தனம் நடத்தியதால் காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"ஏளா, இங்கன புயல் கூண்டு ஏத்திட்டாக. ஒரு போட்டும் கடலுக்குப் போகல. காத்து உங்க பக்கம் ஏறி வருமாம். சாயங்காலத்துக்குள்ள வந்துரும். வீட்டுக்கு என்ன செஞ்சிருக்கீக?"

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். வானம் வெள்ளையாகக் கிடந்தது. வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. "இங்க வெயிலு பொளந்து கட்டுது மதினி. சித்திரையில எங்கயாவது புயல் வருமா?" என்றேன்.

"சித்திரைக்கும் வரும், கார்த்திகைக்கும் வரும். காத்து வாரதுக்கு முந்தி இப்படித்தேன் அசையாமக் கெடக்கும். நான் சொல்லுததக் கேளு. கல்லத் தூக்கித் தகரச் சீட்டு மேல வைக்காதீக, அது உருண்டு உங்க தலையிலதேன் விழும். கூரைக்குக் குறுக்க கயித்தப் போட்டு, ரெண்டு முனையிலயும் மூட்டையக் கட்டித் தொங்க விடுங்க. காத்து வடக்க இருந்து அடிக்கும். அந்தப் பக்கத்துக் கதவ இறுக்கி அடைச்சிருங்க. காத்து உள்ள பூந்துச்சுன்னா சீட்ட அப்படியே தூக்கிரும்."

கொல்லைக் கதவு எங்களுக்கு வடக்குப் பார்த்தது. மதினிக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "தம்பிகிட்ட நான் பேசட்டா?" என்று கேட்டார். "வேண்டாம் மதினி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீடு ஒரே அறை. மேலே தகரச் சீட். நான் வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவள், அந்தக் கட்டுகளெல்லாம் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. முதலில் அவற்றைக் கட்டிலில் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். பிறகு சிமெண்டுச் சாக்குகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கரிசல் மண் வெயிலில் இறுகிப் பாறையாகக் கிடந்தது. நான் கடப்பாரையால் கொத்த, அவர் சாக்கின் வாயை இரண்டு முழங்கைகளாலும் விரித்துப் பிடித்தார். எங்கள் மகள் தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை அள்ளிப் போட்டாள். அவளுக்கு அது விளையாட்டு. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

கயிறு போதவில்லை. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தேன், துணி காயப் போடும் கயிற்றை அவிழ்த்தேன், அதற்கும் மேலே என் பழைய நூல் சேலைகளை முறுக்கிச் சேர்த்தேன். ஏணி வைத்துக் கூரைக்கு ஏறியது நான்தான். தகரம் காலைச் சுட்டது. கீழே நின்றுகொண்டு அவர், "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கீழ நின்னு பையப் பையன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் முடிச்சுப் போட முடியாத கையோடு, தொங்கிய கயிற்று முனையைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது. அவர் மேல் வந்த கோபமா, என் தலையெழுத்தின் மேல் வந்த கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் வடகிழக்கு மூலை கறுக்கத் தொடங்கியது. கம்பெனிகளில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ்களும் வேன்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு முனையில் இறக்கிவிட்டுப் போயின. எதிர் வீட்டு அக்கா வந்தார். அவர்களுடையது காங்கிரீட் வீடு. "பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. தம்பி, நீங்களும் வாங்க. இந்தத் தகரத்த நம்பி உக்காந்திருக்க முடியாது" என்றார்.

எனக்கு அந்த நிமிடம் அந்த அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவரும் பின்னாலேயே வந்தார். அந்த வீட்டு வாசல்படி வரைக்கும் வந்தார். உள்ளே எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து, கடைசியாக வாசல் கதவை இழுக்கப் போனார். என் வீட்டுக்காரர் படியில் நின்றபடி அந்தத் தாழ்ப்பாளையே பார்த்தார். பெரிய பித்தளைத் தாழ்ப்பாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து அவர் சட்டை நனைந்தது.

"நீங்க இருங்க. நான் வீட்டுல இருக்கேன்" என்றார். திரும்பி நடந்தார்.

"அவரு இருந்துக்கிடுவாரு, நீ உக்காரு" என்றார் அக்கா. நானும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், போகட்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் நாய்க்கும் ஆட்டுக்கும் திறந்த வீட்டில் கண் அயராமல் படுத்துக் கிடந்திருக்கிறேன். கட்டினவரை அன்றைக்கு நான் வெறுத்தேன். ஆனால் மகள் என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, "அப்பா" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் அக்கா வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது புழுதி பறக்கத் தொடங்கிவிட்டது. நான் கொல்லைக் கதவுக்குப் போய், அண்டை கொடுத்திருந்த கல்லைக் காலால் உதைத்துத் தள்ளினேன். தாழ்ப்பாளைப் பிடுங்கிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. முறுக்கிய சேலையை அதில் நுழைத்து, கதவை இழுத்துச் சாத்தி, மறு முனையைக் கட்டில் காலில் கட்டப் போனேன்.

"அந்தக் கதவச் சாத்தாத" என்றார்.

"முன்வாசல் திறந்துதான இருக்கு. ஒரு கதவு திறந்தே இருக்கும். நான் தொட மாட்டேன்" என்றேன்.

"அன்னைக்கும் மூணு கதவு திறந்துதேன் இருந்துச்சு."

ஆனாலும் நான் முடிச்சைப் போட்டேன். "ஏங்க, சீட்டு போயிரும். பிள்ள இருக்கா. உங்க அக்கா சொன்னாக" என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போட்டேன். கடைசியில் கெஞ்சினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மடங்கிய கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனார். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வேட்டி படபடக்க, வெறும் வெளியில், தலைக்கு மேல் வேப்பங்கிளைகள் முறிந்து விழுகிற இடத்தில் போய் நின்றார்.

பிறகு காற்று வந்தது. சத்தம்தான் முதலில் வந்தது. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் போவது மாதிரி இருந்தது. யாருடைய கூரையோ பறந்து போய்ச் சுவரில் மோதியது. மின்சாரம் போனது. எங்கள் கூரையில் கட்டிய மூட்டைகள் சுவரில் இடித்து இடித்து ஆடின, ஆனால் கயிறு பிடித்துக்கொண்டது. இதுவரை மதினி சொன்னபடிதான் நடந்தது.

மதினி சொல்லாதது ஒன்று இருந்தது. ஊரிலுள்ள கதவெல்லாம் உள்ளே திறக்கிற கதவு, அதற்குத்தான் அவர் வழி சொன்னார். எங்கள் கதவு அப்படி இல்லையே. காற்று நேராக வந்திருந்தால் அதுவே அழுத்திச் சாத்தியிருக்கும். மூலைவாட்டில் வந்ததால் பலகையின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தது. சேலை ஒரு தடவை விண்ணென்று இறுகியது, பிறகு கிழிந்தது. கதவு பட்டென்று திறந்து வெளிச்சுவரில் அறைந்தது. அது மறுபடி வீசி வந்தபோது கிழிந்த துணியின் வாலைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஓடுவதற்கென்று மாட்டிய கதவு அது. உள்ளே இருக்கிறவள் பிடித்து நிறுத்த அதில் கொண்டியும் இல்லை, பிடியும் இல்லை. துணி என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. காற்று உள்ளே புகுந்தது. காகிதக் குழாய்கள் தார்ப்பாயை விட்டுக் கிளம்பி அறை முழுக்கப் பறந்தன. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. சீட் எழுந்துகொண்டிருந்தது. மகள் கட்டிலுக்கு அடியில் கிடந்து அலறினாள்.

"ஏங்க, அந்தக் கதவச் சாத்துங்க" என்று கத்தினேன்.

வாயை விட்டுப் போன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவர் நின்ற இடத்திலேயே ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பிறகு ஓடி வந்தார். கதவைத் தோளால் மோதித் தள்ளிச் சாத்தினார், திரும்பி முதுகைக் கொடுத்து அதில் சாய்ந்தார். பலகை அதிர்ந்தது. காற்று நின்ற மாதிரி உள்ளே எல்லாம் கீழே விழுந்தது. கூரை மறுபடி சுவரில் உட்கார்ந்தது.

இருட்டில் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவர் இருந்தார். அவர் மூச்சு வாங்குவது பலகை வழியாகக் கேட்டது. முன்வாசல் திறந்துதான் கிடந்தது. அவர் எப்போது வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம். வந்தால் கதவு போய்விடும்.

"இருக்கீகளா?" என்று கேட்டார்.

"இருக்கோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஆனதும் மறுபடி, "இருக்கீகளா?"

"இருக்கோம், இருக்கோம்."

காற்று எவ்வளவு நேரம் அடித்தது என்று தெரியாது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை மகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் போடுகிற சத்தமாக அது இல்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கும் முன்னாலேயே நான் சொல்லத் தொடங்கினேன். மகளும் சேர்ந்து சொன்னாள்.

காற்று ஒருவழியாக ஓய்ந்து, நாலு தூறல் போட்டு அதுவும் நின்றது. மேற்கே வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓரத்துச் சீட் ஒன்று மட்டும் மடங்கிக் கிடந்தது, மற்றதெல்லாம் தப்பியது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனேன். அவர் அப்படியேதான் இருந்தார். குதிகால் மண்ணில் புதைந்திருந்தது. நெற்றியில் கிளை பட்டுக் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"போதுங்க, காத்து நின்னுருச்சு. வாங்க" என்றேன். மகள் அவர் முழங்கையைப் பிடித்து, "அப்பா, நாங்க இங்கன இருக்கோம்" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பார்த்தது மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி, பலகையில் காதை வைத்து, உள்பக்கமாக, "இருக்கீகளா?" என்று கேட்டார்.

யாரிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பது அதுதான், நான்தான் என்னைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். மகளை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன். முன்வாசலில் நுழைந்து, தரையில் கிடந்த காகிதக் குழாய்களை மிதித்துக்கொண்டு, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கட்டின புருஷனை அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. அந்த இரண்டு பெண்களும் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படித்தான் எனக்குக் கூப்பிட வந்தது.

"இருக்கோம்ணே" என்றேன். "கதவத் திறங்க."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் அவர் பாரம் பலகையை விட்டு விலகியது. மடங்கிய விரல்கள் கதவின் விளிம்பைத் தேடித் தடவுவது கேட்டது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.